பட்டாசு வேதியியல்

பட்டாசு வேதியியல் என்பது பட்டாசு, மத்தாப்பு முதலியவை எரியும்போதும் வெடிக்கும்போதும் நிகழும் வேதிவினைகளை ஆராயும் துறையாகும். தனிமம், சேர்மம், கலவை, வேதிச்சமன்பாடு, ஆக்சிசனேற்றம் ஆகிய அடிப்படைக் கருத்துகள் அனைத்தையும் இதனைக் கொண்டு விளக்கலாம். தமிழ்நாட்டில், மல்லாங்கிணறு முதலிய ஊர்கள் அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசிப் பகுதி, இந்தியாவின் முதன்மையான பட்டாசு உற்பத்தி மையமாகும். 1920களில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததே இங்கு இத்தொழில்கள் வளர அடித்தளமாயிற்று.

தனிமமும் சேர்மமும் கலவையும்

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. கந்தகம் ஒரு தனிமம். கரி பெரும்பாலும் கரிமம் என்னும் தனிமத்தால் ஆனது. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டு ஒரு சேர்மம். இதில் பொட்டாசியம், நைட்ரசன், ஆக்சிசன் அணுக்கள் 1:1:3 என்னும் மாறாத விகிதத்தில் உள்ளன. கலவையிலோ விகிதம் மாறலாம். கூறுகள் தத்தம் பண்புகளை இழப்பதில்லை. கருமருந்தை நீரில் இட்டால் வெடியுப்பு மட்டும் கரைந்து பிரிவது இதற்குச் சான்றாகும்.

ஆக்சிசனேற்றி

விறகு எரியக் காற்றிலுள்ள ஆக்சிசன் தேவை. காகிதக் குழாயில் அடைத்த மருந்துக்குக் காற்று எட்டுவதில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிசனை வெடியுப்பே தருகின்றது. 101 கிராம் வெடியுப்பில் 48 கிராம் ஆக்சிசன் உள்ளது. இத்தகைய பொருள் ஆக்சிசனேற்றி எனப்படும். பற்றிக்கொண்ட மருந்தைக் காற்றுப் புகாமல் மூடி அணைக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

வேதிச்சமன்பாடு

கருமருந்து எரிவதை எளிய வடிவில் பின்வருமாறு எழுதலாம்:

2 பொட்டாசியம் நைட்ரேட்டு + 1 கந்தகம் + 3 கரிமம் → 1 பொட்டாசியம் சல்பைடு + 1 நைட்ரசன் + 3 கரியமில வாயு

உண்மையில் பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பேட்டு முதலியவையும் உண்டாகின்றன. இச்சமன்பாட்டின்படி வினைபடுபொருள்களின் நிறை 202.2 + 32.1 + 36.0 = 270.3 கிராம். விளைபொருள்களின் நிறை 110.3 + 28.0 + 132.0 = 270.3 கிராம். இதுவே நிறை அழியா விதி. நிறையின்படி வெடியுப்பு 75, கரி 13, கந்தகம் 12 விழுக்காடு என வருகின்றது. நெடுங்காலமாக வழங்கிவரும் விகிதம் 75:15:10 என்பதாகும். அனுபவத்தால் அறிந்ததும் கணக்கும் நெருங்கி நிற்பதை இங்குக் காணலாம்.

இவ்வினையில் கரிம அணுக்கள் மூன்றும் 12 எலக்ட்ரான்களை இழக்கின்றன. நைட்ரசன் அணுக்கள் இரண்டும் 10 எலக்ட்ரான்களையும், கந்தகம் 2 எலக்ட்ரான்களையும் ஏற்கின்றன. இழப்பது ஆக்சிசனேற்றம், ஏற்பது ஒடுக்கம். இரண்டும் எப்போதும் சமமாக இருக்கும். திண்மத்திலிருந்து நொடிப்பொழுதில் உண்டாகும் சூடான வாயுக்கள் விரிந்து குழாயைக் கிழிப்பதே வெடியோசை ஆகும்.

கிளர்வு ஆற்றலும் விபத்துகளும்

ஒரு வினை தொடங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் கிளர்வு ஆற்றல் எனப்படும். கருமருந்துக்கு இதனைத் திரியின் நெருப்பு அளிக்கின்றது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவைக்கோ சிறு உராய்வே போதும். ஆகவே இந்திய அரசு 1992இல் இக்கலவையைத் தடை செய்தது. தீப்பெட்டியிலும் இதே கருத்து பயன்படுகின்றது: குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாசுபரசும் தனித்தனியே வைக்கப்படுகின்றன.

துகள் நுண்ணியதாக ஆக, மேற்பரப்பு மிகுந்து வினை விரைவாகின்றது. அலுமினியப் பொடி சேர்ந்த மருந்து ஆபத்து மிக்கதாவது இதனாலேயே. அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் மெல்ல வினை நிகழ்ந்து வெப்பம் பெருகும். தானே தீப்பற்றவும் கூடும். மருந்தைச் சிறு அளவில் கலப்பதும், அறைகளிடையே இடைவெளி விடுவதும், ஓர் அறையில் பணிபுரிவோர் எண்ணிக்கையை வரையறுப்பதும் இதன் பொருட்டே. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகள் அதன் பின்னரும் தொடர்ந்துள்ளன.

நிறங்கள்

வெப்பத்தால் உயர் ஆற்றல் நிலையை அடைந்த அணுக்களும் மூலக்கூறுகளும் மீளும்போது அவற்றுக்குரிய நிறத்தில் ஒளியை உமிழ்கின்றன. இசுட்ரான்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், சோடியம் மஞ்சளையும், செப்பு நீலத்தையும் தருகின்றன. நீரில் கரையும் பேரியம் உப்புகள் நச்சுத்தன்மை உடையவை. பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. அதன்பின் புகைத்துகள் குறைந்த பசுமைப் பட்டாசுகள் உருவாக்கப்பட்டன. எனினும் அவையும் ஆக்சிசனேற்றியும் எரிபொருளும் சேர்ந்த கலவைகளே. ஆதலால் உராய்வு, ஈரம் ஆகியவை குறித்த எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.