திரட்டும் திரட்டியும்

திரட்டு என்னும் சொல் தமிழுலகிற்குப் புதியதன்று. பல நூல்களினின்றும் செய்யுட்களைத் தெரிந்தெடுத்துப் பொருள்முறையில் அமைத்த புறத்திரட்டினை நாம் நன்கு அறிவோம். அச்சொல்லின் வேரினின்றே இணையத் தமிழர் வழங்கும் 'திரட்டி' என்பதும் பிறந்தது. காசி ஆறுமுகம் 2004-ஆம் ஆண்டில் நிறுவிய தமிழ்மணம் அவ்வகையில் பலரும் அறிந்ததாகும்.

திரட்டியின் இயல்பு யாதோ எனின், கூறுதும். ஒவ்வொரு தளமும் தன் புதிய ஆக்கங்களின் தலைப்பு, முகவரி, நாள், சுருக்கம் ஆகியவற்றைக் கணினி படித்தற்கேற்ற ஒரு கோப்பில் இட்டு வைக்கும். இதுவே செய்தியோடை. இதற்குரிய ஆர்.எஸ்.எஸ். என்னும் வடிவம் 1999-இல் தோன்றியது. திரட்டி இவ்வோடைகளைக் குறித்த இடைவெளிதோறும் படித்துக் காலமுறைப்படி ஒருங்கு காட்டும். உறுப்புத் தளங்கள் தத்தம் பக்கங்களில் பிறர் தலைப்புகளையும் காட்டுமாயின், ஒரு தளத்தின் வாசகர் ஏனைய தளங்களையும் அறிவர். கூட்டுறவின் பயன் இதுவேயாம்.

எனினும் ஒரு வேறுபாடு ஈண்டுக் கருதற்பாலது. முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைத்திலது. அதன் செய்யுட்களுள் நூற்றுக்கு மேற்பட்டவை நம்மிடை நிலவுதற்குப் புறத்திரட்டே பெரிதும் காரணம். அது செய்யுளையே தாங்கி நின்றது. திரட்டியோ பெரும்பாலும் முகவரியைத் தாங்குவது. மூலத்தளம் மறையின், தலைப்பும் சுருக்கமுமே எஞ்சும். ஆதலின், கூட்டமைப்பிற் சேர்வோர் ஆசிரியர் இசைவுடன் முழுவுரையையும் ஓடையில் இடுதலும், அதன் படியினை உறுப்புத் தளங்கள் சிலவேனும் போற்றி வைத்தலும் வேண்டும். பரப்புதலோடு காத்தலும் திரட்டின் கடன் என்பதே நம் துணிபு.