ஏழு தேர்தல் வென்ற ஷெரீப்

சென்னையில் ஷெரீப் என்றொரு கௌரவப் பதவி வெகுகாலம் இருந்து வந்ததையும், ஊரில் பெயர் பெற்ற பிரமுகர்கள் அதில் அமர்ந்து விருந்தினரை வரவேற்பது முதலான சம்பிரதாயக் காரியங்களை நடத்தி வந்ததையும் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே பெயரைத் தாங்கிய அமெரிக்க ஷெரீப்போ முற்றிலும் வேறான ஓர் ஆசாமி. நம் ஜில்லாவுக்கு ஏறக்குறைய ஒப்பான கவுண்டி என்னும் பிரதேசத்தில் குற்றவாளியைப் பிடிப்பவரும் அவர். பிடித்தவனை அடைத்து வைக்கும் சிறைக்கு அதிபதியும் அவர். நியாயஸ்தலத்தின் கட்டளைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பிப்பவரும் அவரே. நகரத்துப் போலீஸ் தலைவரை மேயர் நினைத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஷெரீப்பை அப்படி அனுப்ப முடியாது; பெரும்பாலான மாநிலங்களில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனங்கள் வாக்களித்து அவரை நியமிக்கிறார்கள், பெரும்பாலும் அவர்களே வேண்டாமென்றால்தான் அவர் இறங்குவார்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஃபுளோரிடா மாநிலத்தின் லேக் கவுண்டியில் 1944 முதல் தொடர்ச்சியாக ஏழு தேர்தல்களில் வெற்றி பெற்ற வில்லிஸ் மெக்காலின் சரித்திரத்தைவிடத் தக்க சாட்சியம் கிடைப்பது அரிது. யுமட்டிலா என்னும் சிற்றூரின் பக்கத்தில் 1909இல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து, பால் வியாபாரம் செய்து, பின்னர் சர்க்காரில் பழப் பரிசோதகராக வேலை பார்த்த மனிதர் அவர். ஏரிகளும் ஆரஞ்சுத் தோப்புகளும் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் தோப்பு முதலாளிகளின் பழக்கம் அந்த உத்தியோகத்தில்தான் அவருக்கு ஏற்பட்டது. முதலாளிகளுக்கு வேண்டியதெல்லாம் குறைந்த கூலிக்குப் பழம் பறிக்கும் கறுப்பர்களின் கைகள். வேலைக்கு வராமல் நின்றவனைச் சோம்பித் திரிந்தான் என்று குற்றஞ்சாட்டிப் பிடித்து வருவதும், சங்கம் அமைக்க வந்தவனை எல்லைக்கு அப்பால் துரத்துவதும் புது ஷெரீப்பின் நித்தியக் கடமைகளாயின. அதற்குப் பிரதியாக அவருக்குக் கிடைத்தது தோப்புக்காரர்களின் ஆதரவு. அதைவிடச் சிறந்த தேர்தல் மூலதனம் அந்தக் கவுண்டியில் வேறில்லை.

1949 ஜூலையில் குரோவ்லண்ட் என்ற ஊரின் அருகே தன்னை நான்கு கறுப்பர்கள் பலாத்காரம் செய்ததாகப் பதினேழு வயது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி புகார் கொடுத்தாள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் எர்னெஸ்ட் தாமஸ் என்பவரை ஒரு பெருங்கூட்டம் காட்டில் விரட்டிச் சென்று சுட்டுக் கொன்றது. யுத்தத்தில் சேவை செய்து திரும்பிய சாமுவேல் ஷெப்பர்ட், வால்ட்டர் இர்வின் ஆகிய இருவருக்கும் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி மரண தண்டனையும், பதினாறு வயதுச் சிறுவனான சார்லஸ் கிரீன்லீக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: கைதிகளைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி டவாரஸ் சிறையின் வாசலில் திரண்டு நின்ற ஜனங்களை எதிர்கொண்டு, கைதிகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவரும் இதே மெக்கால்தான். கைதிகளின் பிராணன் தம்முடைய அதிகாரத்துக்குள் அடங்கியது, அதில் வேறெவருக்கும் பங்கில்லை என்று அவர் கருதினார் போலும். பின்னால் நடந்ததை நோக்கும்போது அப்படித்தான் எண்ணத் தோன்றுகிறது.

தர்குட் மார்ஷல் முதலான வழக்கறிஞர்களின் முயற்சியால் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் அந்த மரண தண்டனைகளை ரத்து செய்தது. மறுவிசாரணைக்காக இருவரையும் ரேஃபோர்ட் சிறையிலிருந்து தமது காரில் அழைத்து வந்த மெக்கால், நவம்பர் 6ஆம் தேதி இரவு, டயர் பழுது என்று சொல்லி வழியில் வண்டியை நிறுத்தி, ஒரே விலங்கில் பூட்டப்பட்டிருந்த இருவரையும் சுட்டார். தப்பியோட முயன்று தம்மைத் தாக்கினார்கள் என்பது அவர் சொன்ன சமாதானம். ஷெப்பர்ட் அங்கேயே மாண்டார். செத்தவரைப்போல அசையாமல் கிடந்து பிழைத்த இர்வினோ, தாங்கள் ஓட முயலவே இல்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வாக்குமூலம் கொடுத்தார். மரண விசாரணை ஜூரி ஷெரீப்பின் கட்சியையே ஏற்றது. மெக்காலைப் பதவியிலிருந்து விலக்கவேண்டுமென்று வற்புறுத்தியவரும், கறுப்பர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்வதையே ஜீவிய லட்சியமாகக் கொண்டவருமான ஹாரி மூர், அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் தமது வீட்டில் வெடித்த குண்டுக்கு மனைவியோடு பலியானார். மறு ஆண்டு தேர்தல் வந்தது; மெக்காலே மீண்டும் ஜெயித்தார்.

பழம் பறிக்க வெளி மாநிலத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் குழந்தைகளை, அவர்களுடைய முகஜாடை கறுப்பரைப்போல் இருக்கிறதென்று தாமே தீர்மானித்து, 1954இல் வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றினார் இந்த ஷெரீப். குழந்தைகளுக்குச் சாதகமாக நீதிபதி தீர்ப்புச் சொல்ல ஒரு வருஷம் பிடித்தது. மவுண்ட் டோராவில் சிறு பத்திரிகை நடத்திய மேபல் நாரிஸ் ரீஸ் என்ற அம்மையார், ஆரம்பத்தில் மெக்காலை ஆதரித்து எழுதியவர், இச்சமயம் அக்குடும்பத்தின் பக்கம் நின்றார். அதற்குக் கூலியாக அவர் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. இதற்கிடையில், சுடப்பட்டுப் பிழைத்த இர்வினுக்கு மறுவிசாரணையிலும் மரண தண்டனையே விதிக்கப்பட்டது. 1955இல் கவர்னர் காலின்ஸ் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

இவை யாவும் இரகசியமாக நடந்தவையல்ல; பத்திரிகைகளில் வந்தவை, கவர்னர்கள் அறிந்தவை, மத்தியத் துப்பறியும் இலாகா விசாரித்தவை. விசாரணைக்கு மேல் விசாரணை வரவர, வெளியூரார் நம் ஷெரீப்பைப் படுத்துகிறார்கள் என்ற அபிமானம் உள்ளூரில் வளர்ந்து, ஒவ்வொரு குற்றச்சாட்டும் அவருக்கு ஒரு தேர்தல் பிரசாரமாகவே அமைந்தது. ஆகையால் மெக்காலை மட்டும் கொடியவராக்கி, ஏழு முறை அவர் பெயருக்கு எதிரே முத்திரையிட்டவர்களை அறியாதவர்கள் என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

சிறையிலிருந்த கறுப்பர் ஒருவரை உதைத்துச் சாகடித்ததாக 1972இல் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டதும் கவர்னர் ஆஸ்க்யூ அவரைத் தாற்காலிகமாக விலக்கினார். ஜூரி விடுதலை செய்தது. ஆயினும் அந்த ஆண்டுத் தேர்தலில் எட்டாவது வெற்றி கிட்டவில்லை. 1994இல் தமது எண்பத்தைந்தாம் வயதையொட்டி அவர் காலமானார்.

யுமட்டிலாவில் ஒரு சாலைக்கு 1985இல் சூட்டிய அவர் பெயரை, கறுப்பர்களின் ஆட்சேபத்துக்குப் பிறகு 2007இல் எடுத்துவிட்டார்கள். டவாரஸின் பழைய நியாயஸ்தலக் கட்டிடத்துக்கு முன்னால் 2020இல் குரோவ்லண்ட் நால்வருக்கு ஒரு ஞாபகச் சின்னம் எழும்பிற்று. 2021 நவம்பரில் அவர்களைக் குற்றமற்றவர்களென்று அறிவித்த உத்தரவு பிறந்தபோது நால்வரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.