கார் கிளம்பவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் மின் கணக்கைப் பாருங்கள்

நம் பகுதி வணிகர்களிடம் பழைய வண்டிகள் இன்னும் நிறையவே இருக்கின்றன. பெரியவர்கள் வாங்கிய அம்பாசிடர், சரக்கு எடுக்க ஆம்னி, வீட்டுக்கு ஒரு மாருதி 800 என்று பல கடைகளின் முன்னால் இன்றும் பார்க்கிறோம். இவற்றில் எதுவும் இப்போது புதிதாகத் தயாராவதில்லை. அம்பாசிடர், மாருதி 800 இரண்டும் 2014-இல் நின்றன. ஆம்னி 2019-இல் நின்றது. ஆகவே இருக்கிற வண்டியைக் காப்பாற்றிக் கொள்வதுதான் நமக்கு இலாபம்.

விடியற்காலை நான்கு மணிக்கு ஈரோடு காய்கறி மார்க்கெட்டுக்குப் புறப்பட வேண்டும்; சாவியைத் திருப்பினால் வண்டி அசைய மறுக்கிறது. அன்றைய வியாபாரமே ஆட்டம் காண்கிறது. அவசரத்தில் நாம் செய்வது என்ன? "பேட்டரி போயிடுச்சுங்க" என்று யாராவது சொன்னதும் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடுகிறோம். இரண்டு வாரம் கழித்து அதே தொல்லை. அடுத்து செல்ஃப் மோட்டார், அதற்கடுத்து ஆல்டர்னேட்டர் என்று செலவு நீள்கிறது. கடைசியில் பார்த்தால் துருப்பிடித்த ஒரு எர்த் ஒயர்தான் காரணமாக இருக்கும்.

கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் நாம் புதுக் கல்லாப்பெட்டி வாங்குவதில்லை. எங்கே குறைந்தது என்று பில்லைப் புரட்டிப் பார்க்கிறோம். மின்சாரத்துக்கும் அதே வழிதான். பேட்டரியிலிருந்து புறப்பட்ட 12 வோல்ட் எந்த இடத்தில் குறைகிறது என்று படிப்படியாகப் பார்த்தால் கோளாறு தானே அகப்படும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு ஒயர் இணைத்த 12 வோல்ட் சிறு பல்பு ஒன்று, டெர்மினல் கழற்ற ஸ்பேனர், உப்புத்தாள். இவை போதும்.

முதலில் காதைத் தீட்டுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். நான்கு விதமாக நடக்கலாம்.

ஒன்று: விளக்கு மங்குகிறது, செல்ஃப் மெதுவாக முனகுகிறது அல்லது டிக் டிக் என்று மட்டும் சத்தம் வருகிறது. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது இணைப்பில் தடை இருக்கிறது.

இரண்டு: விளக்கு ஒரேயடியாக அணைந்துவிடுகிறது. பெரும்பாலும் டெர்மினல் தளர்வு.

மூன்று: விளக்கு மங்காமல் எரிகிறது, செல்ஃப் அசையவில்லை. மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். இக்னிஷன் சுவிட்ச், சோலினாய்டு, அவற்றின் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நான்கு: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பேட்டரி மீது பழி போட வேண்டாம். ஸ்பார்க் அல்லது பெட்ரோல் பக்கம் போக வேண்டும்.

பேட்டரி சொல்லும் கணக்கு

12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பின் மீட்டரில் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் ஏறத்தாழக் காலி.

அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்பும்போது மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் அதற்குக் கீழே விழுந்தால், அப்போதுதான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு செல் மட்டும் செத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

எஞ்சின் ஓடும்போது, சற்று ஆக்சிலேட்டர் கொடுத்து அளந்தால் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட், ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர் மூன்றையும் பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

இழப்பு நடக்கும் இடம் இணைப்புகளே

1912-இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் செல்ஃப் மோட்டார் வந்தது. அதை உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். அவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் டெல்கோ. நம் மெக்கானிக்குகள் டிஸ்ட்ரிபியூட்டரை இன்றும் டெல்கோ என்றுதான் சொல்கிறார்கள். அன்று முதல் இன்று வரை செல்ஃப் மோட்டாரின் குணம் ஒன்றே: சில விநாடிகள்தான் வேலை செய்யும், ஆனால் அந்நேரத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

இங்கேதான் சூட்சுமம். 150 ஆம்பியர் போகும் பாதையில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தால், இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 3 வோல்ட் அந்த இடத்திலேயே கரைந்துவிடும். மீதி 9 வோல்ட்டும் செல்ஃபுக்கு முழுதாகப் போய்ச் சேராது. ஆனால் அதே இணைப்பு வழியாக ஹாரன் அடிக்கும், விளக்கு எரியும். அவை கொஞ்சம்தான் கேட்கின்றன. "லைட் எரியுது, அதனால் ஒயர் சரி" என்று முடிவு கட்டுவது இதனால்தான் தப்பாகிறது.

இழப்பை அளக்கும் முறை எளிது. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். எஞ்சின் பிடிக்காமலிருக்க, பெட்ரோல் வண்டியில் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி அதன் முனையைத் துணியால் சுற்றிவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும், மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் கோளாறு. அதேபோல் பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. போனால் கேபிள், சோலினாய்டு, டெர்மினல் என ஒவ்வொரு துண்டாக அளந்து வாருங்கள்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள பின்னல் எர்த் பட்டையை மறக்க வேண்டாம். அது அற்றுப்போனால் மின்சாரம் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ காரணம் இதுதான். உப்பு மூட்டை ஏற்றுகிற வண்டிகளில் அடித்தகடும் எர்த் போல்ட்டும் சீக்கிரம் அரிக்கும். மூட்டைக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பது நல்லது.

டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சை உப்பை வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து இறுக்குங்கள். மேலே சிறிது வாஸ்லைன் தடவுங்கள். சோடா நீர் பேட்டரிக்குள் இறங்கக்கூடாது.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பாயிண்ட் உள்ள பழைய பெட்ரோல் வண்டியில் சாவியைப் போட்டதும் காயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்று பல்பால் பாருங்கள். பிறகு காயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகும் முனையில் பல்பை வைத்து, மறு ஒயரை எர்த்தில் தொட்டுச் செல்ஃப் அடியுங்கள். பல்பு மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் அழுக்கால் ஒட்டவில்லை. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கலாம். பாயிண்ட் கருகி, ஸ்பார்க் மஞ்சளாக மெலிந்து வந்தால் கண்டென்சரை மாற்றுங்கள், விலை சொற்பம். மழைக்காலத்தில் டெல்கோ மூடியின் உள்ளே ஈரம் கோத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் கிடையாது. அதில் ஹீட்டர் பிளக்குக்கும், பம்பில் டீசலைத் திறக்கும் சோலினாய்டுக்கும் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரவில் திருடும் ஒயர்

மாலையில் நன்றாக இருந்த வண்டி காலையில் படுத்துவிடுகிறதா? எங்கோ மின்சாரம் கசிகிறது. அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 36 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே நாளில் காலி. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் குமிழுக்கும் நடுவே பல்பை இணையுங்கள். பல்பு எரிந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எந்த ஃப்யூஸை எடுத்ததும் அணைகிறதோ, அந்த வழியில் திருடன் இருக்கிறான். எல்லாவற்றையும் எடுத்தும் எரிந்தால், ஆல்டர்னேட்டர் ஒயரையும், பிறகு போட்ட ஸ்டீரியோ, ஹாரன் ஒயர்களையும் கழற்றிப் பாருங்கள்.

நம் தொழிலுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. அரிசி, பருப்பு குடோன் பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலி ஏறி ஒயரின் மேலுறையைக் கடித்துவிடும். பானட்டைத் திறந்து எலிப் புழுக்கை தெரிந்தால், மீட்டரை எடுக்கும் முன் ஒயர்களைக் கண்ணால் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

ஃப்யூஸ் போனால் அந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றாதீர்கள். ஃப்யூஸ் போவது எச்சரிக்கை. அதை வாயடைத்தால் ஒயர் எரியும், வண்டியோடு சரக்கும் எரியும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும். அவற்றில் எர்த் பக்கத்தையே முதலில் கழற்ற வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின் எலக்ட்ரீஷியனிடம் போனாலும் நட்டமில்லை. "வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க" என்பதற்குப் பதிலாக, "பேட்டரி 12.6 இருக்குது, செல்ஃப் அடிக்கும்போது எர்த்தில் ஒரு வோல்ட் போகுது" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் வேலை சுருக்கம்; நமக்கும் தேவையில்லாத பாகம் பில்லில் ஏறாது. அளந்த எண்களைத் தேதியோடு ஒரு சிறு நோட்டில் குறித்து வண்டியிலேயே வைத்திருங்கள். மாதம் ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டினால், அடுத்து எது கைவிடப் போகிறது என்பது முன்னதாகவே தெரிந்துவிடும்.