பெட்டியில் கிடக்கும் பழைய விளையாட்டு



நம் வீடுகளில் பழைய பொருளை எளிதில் எறிந்துவிட மாட்டோம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, தாத்தா பால் வெட்டிய கத்தி, அப்பா பாட்டுக் கேட்ட வானொலி என்று ஏதாவது ஒன்று அலமாரியின் மேலோ கட்டிலுக்கு அடியிலோ இருக்கத்தான் செய்யும். இந்த வரிசையில் இப்போது இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து, இன்று மஞ்சளித்துப் போன கணினிப் பெட்டிதான் அது. அதன் பக்கத்தில் சதுர உறையிட்ட கறுப்பு வட்டுகள் சிலவும் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் அவற்றில் பாதி விளையாட்டு வட்டுகளாக இருக்கும்.

விளையாட்டைப் பற்றிப் பேசவும் ஓர் உரை வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். ஏன் என்பதை ஒரு குடும்பத்தின் அனுபவத்தைக் கொண்டு விளக்குவோம்.

கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. அவருடைய அக்காள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பி முன்னுக்கு வர வேண்டும் என்ற ஆசையில், 1988ஆம் ஆண்டில், பிறர் பயன்படுத்திய கணினி ஒன்றைத் தம் சேமிப்புப் பணத்தில் வாங்கி லயத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். தம்பி அதில் படித்தது கொஞ்சம், விளையாடியது அதிகம். ‘டிக்கர்’ என்பது அந்த ஆட்டத்தின் பெயர். விடுமுறைக்கு வரும்போது அக்காளும் போட்டிக்கு உட்கார்ந்துவிடுவார். அதிகப் புள்ளி எடுப்பவர் தம் பெயருக்காக மூன்று எழுத்துகளைப் பதிக்கலாம். பட்டியலின் முதல் வரியில் எப்போதும் அக்காளின் மூன்று எழுத்துகளே நின்றன. தோட்டத்து எஞ்சின் இரவு பத்து மணிக்கு நின்றவுடன் விளக்கும் அணையும், ஆட்டமும் முடியும். மறுநாள் கணினியை முடுக்கினால் அந்த மூன்று எழுத்துகள் அப்படியே இருக்கும்.

அந்த அக்காள் இன்று இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் தம் மகளுக்கு அந்த ஆட்டத்தைக் காட்ட விரும்பினார். பெட்டியைத் தூசு தட்டி மின்சாரம் கொடுத்தார். கணினி விழித்துக்கொண்டது. ஆவலோடு வட்டைச் செருகினார். கரகரவென்று ஓர் ஓசை கேட்டது. ஆட்டம் வரவில்லை.

ஏன் வரவில்லை? இதைப் புரிந்துகொள்ள, அந்த இயந்திரத்தைப் பற்றி முதலில் அறிந்துகொள்வோம்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் மேசைமேல் வைத்துப் பயன்படுத்தக்கூடிய தன் ‘பெர்சனல் கம்ப்யூட்டரை’ அறிமுகப்படுத்தியது. அதன் மூளையாக இருந்தது இண்டெல் நிறுவனத்தின் 8088 என்னும் சில்லு. அது நொடிக்கு ஏறத்தாழ 47 லட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது. இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியின் சில்லோ நொடிக்கு நூறு கோடிக் கணக்கில் துடிக்கிறது. ஐபிஎம் கணினியைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் அதே வகையைச் செய்யத் தொடங்கின. விலை படிப்படியாக இறங்கியது. அப்படித்தான் அது சாதாரணக் குடும்பங்களின் கைக்கும் எட்டியது.

இந்தச் சில்லுகளின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இண்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டில் பினாங்கில் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. அதைப் போன்ற பல ஆலைகள் பாயான் லெப்பாஸ் பகுதியில் எழுந்தன. கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் சென்ற இளம்பெண்கள் அங்கே நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தார்கள். கணினியை வாங்கப் பணம் இல்லாத வீட்டுப் பெண்களின் கைகள், கணினியின் உறுப்புகளைச் செய்துகொண்டிருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஐபிஎம் கணினி அலுவலக வேலைக்காகச் செய்யப்பட்டது. கணக்குப் பார்ப்பதும் கடிதம் அடிப்பதுமே அதன் முதல் தொழில். ஆனாலும் விளையாட்டு அதனோடு கூடவே பிறந்துவிட்டது. அந்தக் கணினியோடு வந்த நிரல்களில் ஒன்று ‘டாங்கி’, அதாவது கழுதை. சாலையில் கார் போகும். எதிரே கழுதை வரும். ஒரு விசையைத் தட்டிக் காரை மறுபக்கம் ஒதுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அதை எழுதியவர்கள் நீல் கான்சனும், பிற்காலத்தில் உலகப் பணக்காரர்களில் ஒருவரான பில் கேட்சும் ஆவர்.

நம் நண்பர் ஆடிய டிக்கர் 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. கனடாவின் விண்ட்மில் சாஃப்ட்வேர் நிறுவனம் அதை வெளியிட்டது. ஆட்டக்காரர் மண்ணுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே போய் மரகதக் கற்களைப் பொறுக்க வேண்டும். பூதங்கள் துரத்தும். பொன்மூட்டையின் அடிமண்ணைத் தோண்டிவிட்டால் மூட்டை சற்று ஆடும், பிறகு விழும். பூதம் அடியில் இருந்தால் நசுங்கும். நாம் இருந்தால் நமக்கும் அதே கதிதான். அன்றைய வண்ணத் திரை ஒரே நேரத்தில் நான்கு நிறங்களையே காட்டியது. ஓசைக்கோ, பெட்டிக்குள் சின்னஞ்சிறு ஒலிபெருக்கி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான் அதனால் எழுப்ப முடியும். அந்த ஒற்றைச் சுரத்தை வைத்துக்கொண்டே ‘பாப்கார்ன்’ என்ற மெட்டை டிக்கர் வாசித்துக் காட்டியது. இன்றும் அதைக் கேட்டால் அக்காலத்தில் விளையாடியவர்களின் முகம் மலர்வதைக் காணலாம்.

நல்ல இசை கணினிக்கு வந்த கதையில் நம் அண்டை நாடான சிங்கப்பூருக்குச் சிறப்பான இடம் உண்டு. சிம் வோங் ஹூ என்பவர் 1981ஆம் ஆண்டில் தம் நண்பருடன் சேர்ந்து அங்கே கிரியேட்டிவ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1989ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. கணினிக்குள் அதைச் செருகிவிட்டால் ஒரே நேரத்தில் பல குரல்களில் இசை எழும். பதிவு செய்த மனிதக் குரலும் கேட்கும். உலகெங்கும் விளையாட்டுகளைச் செய்தவர்கள் அந்த அட்டையை மனத்தில் வைத்தே இசை அமைத்தார்கள். 2023ஆம் ஆண்டில் சிம் வோங் ஹூ காலமானபோது, அந்த ஓசையோடு வளர்ந்தவர்கள் பல நாடுகளிலிருந்து அவரை நினைவுகூர்ந்தனர்.

இனி, பழைய ஆட்டத்தை அப்படியே எடுத்துப் புதிய கணினியில் ஏன் ஓட்ட முடிவதில்லை என்பதைப் பார்ப்போம்.

முதற் காரணம் வேகம். ஒரு முதியவரிடம், ‘நூறு எண்ணி முடித்ததும் ஓர் அடி எடுத்து வையுங்கள்’ என்கிறோம். அவர் நிதானமாக எண்ணுவார். நடையும் நிதானமாக இருக்கும். அதே சொல்லை, கண் இமைப்பதற்குள் நூறு எண்ணிவிடும் ஒருவனிடம் சொன்னால் என்ன ஆகும்? அவன் ஓட்டத்தை நம் கண்ணால் பிடிக்க முடியாது. அக்கால ஆட்டங்கள் பலவும் இப்படித்தான் எழுதப்பட்டன. கணினி எண்ணும் வேகத்தையே அவை கடிகாரமாகக் கொண்டன. வேகமான கணினிகள் வந்தபோது பூதங்கள் மின்னலாய்ப் பாய்ந்தன. ஆட்டக்காரர் கை வைக்குமுன் ஆட்டம் முடிந்தது. இதற்காகவே அக்காலக் கணினிகளின் முகப்பில் ‘டர்போ’ என்ற ஒரு பொத்தானை வைத்தார்கள். பெயரைக் கேட்டால் வேகத்தைக் கூட்டும் பொத்தான் என்று தோன்றும். உண்மையில், பழைய ஆட்டங்களுக்காகக் கணினியின் வேகத்தைக் குறைக்கவே அது பெரிதும் உதவியது.

இரண்டாவது காரணம் வட்டு. கணினியின் நினைவகம் மின்சாரம் உள்ளவரைதான் எதையும் வைத்திருக்கும். எஞ்சின் நின்றால் எல்லாம் மறந்துபோகும். மறவாமல் வைத்திருப்பது வட்டு. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின்மேல் இரும்புத் துகள் கலந்த பழுப்புப் பூச்சு ஒன்று பூசியிருப்பார்கள். அந்தத் துகள்களைக் காந்தமாக்கித்தான் செய்தி எழுதப்படுகிறது. பாட்டுக் கேட்ட ஒலிநாடாவும் இதே இனந்தான். ஐந்தேகால் அங்குல வட்டு ஒன்றில் அக்காலத்தில் 360 கிலோபைட் அளவே எழுத முடிந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் அடக்க இயலாது.

காலம் செல்லச் செல்ல அந்தக் காந்தச் சக்தி தளர்கிறது. அதைவிட விரைவாகக் கெடுப்பது நம் நாட்டு ஈரக் காற்று. மூடிய பெட்டிக்குள் பூஞ்சணம் வட்டின்மேல் படர்ந்துவிடுகிறது. நண்பரின் வட்டுக்கு நேர்ந்தது இதுதான். பூஞ்சணத்தோடு அதைச் செருகியபோது, கணினியின் படிக்கும் முனை அழுக்கை இழுத்துக்கொண்டு பூச்சையே சுரண்டிவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் வட்டில் வளையம்போல ஒரு கோடு. அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. ஆவலில் பார்த்துச் செருகத் தவறிவிட்டோமே என்று அவர் வருந்தியதை நாம் நேரில் கண்டோம்.

அப்படியானால் அந்த ஆட்டங்கள் எல்லாம் அழிந்தே போயினவா? இல்லை. ஆர்வமுள்ளவர்கள் பலர் உழைத்து அவற்றைக் காத்திருக்கிறார்கள். கூத்தில் ஒருவர் ராஜா வேடம் கட்டிக்கொண்டு ராஜாவாகவே நடந்து காட்டுவதைப்போல, புதிய கணினி பழைய கணினியாக வேடம் கட்டும்படி செய்யும் நிரல்கள் வந்துள்ளன. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டாஸ்பாக்ஸ்’ அவற்றில் ஒன்று. டிக்கர் ஆட்டத்தை ஆண்ட்ரூ ஜென்னர் என்பவர் ஆராய்ந்து, இன்றைய கணினிகளிலும் சரியான வேகத்தில் ஓடும்படி 1998ஆம் ஆண்டில் புதுப்பித்தார். 2015ஆம் ஆண்டில் ‘இண்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் அமெரிக்க இணைய நூலகம், 2,000க்கும் மேற்பட்ட பழைய ஆட்டங்களை யாவரும் ஆடிப் பார்க்கும்படி வைத்தது.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ 1989ஆம் ஆண்டில் ஆப்பிள் கணினிக்கும், அடுத்த ஆண்டில் ஐபிஎம் வகைக் கணினிகளுக்கும் வந்த புகழ்பெற்ற ஆட்டம். அதைப் படைத்தவர் ஜோர்டான் மெக்னர். இளவரசனின் ஓட்டமும் தாவலும் உண்மையாகத் தோன்றவேண்டும் என்று, தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம் பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். இசை அமைத்தவர் அவருடைய தந்தை. ஆட்டத்தை எழுதிய மூல நிரல் காணாமல் போய்விட்டது என்றே மெக்னர் எண்ணியிருந்தார். 2012ஆம் ஆண்டில் தந்தை வீட்டு அலமாரியில் பழைய பெட்டி ஒன்றைக் கண்டு மகனுக்கு அனுப்பினார். அதற்குள் அந்த வட்டுகள் இருந்தன. மெக்னர் அவசரப்படவில்லை. பழைய இயந்திரங்களில் தேர்ந்தவர்களை அழைத்து, முறையாகப் படியெடுத்தார். ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் செய்தி உயிரோடு இருந்தது.

நம் நண்பருக்கும் டிக்கர் திரும்பக் கிடைத்தது. மகளின் கணினியில் அதே மெட்டு, அதே நான்கு நிறங்கள், அதே பொன்மூட்டை. அவளும் விரும்பி ஆடினாள். ஆனால் முதல் வரியில் அக்காளின் மூன்று எழுத்துகள் இல்லை. ஆட்டம் உலகெங்கும் ஆயிரக்கணக்கான வட்டுகளில் இருந்தது. யாரோ ஒருவர் காத்துவிட்டார். அக்காளின் எழுத்தோ அந்த ஒரே வட்டில்தான் இருந்தது. ஒரு நாள் நண்பர் தாமே நல்ல புள்ளி எடுத்து அக்காளின் எழுத்துகளைப் பதித்தார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு அதை அழித்துவிட்டார். ‘இது அக்கா எடுத்த புள்ளி இல்லையே’ என்றார்.

நேயர்களே, நாம் இன்று மனத்தில் இருத்தவேண்டியது இதுதான். ஊருக்குப் பொதுவானதை ஊர் காக்கும். நம் வீட்டுக்கு மட்டும் உரியதை நாம்தான் காக்கவேண்டும். பிள்ளை எழுதிய முதல் கடிதம், கலைக்கப்பட்ட தோட்டத்தின் படங்கள், பாட்டி பாடிய தாலாட்டின் ஒலிநாடா ஆகியவற்றுக்கு வேறு படி கிடையாது.

ஆகவே, பெட்டியைத் திறந்ததும் வட்டையோ நாடாவையோ உடனே செருகாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெண்புள்ளியோ படலமோ தெரிந்தால் அப்படியே உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் தள்ளிப்போடாமல் படியெடுத்து, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். மூன்றரை அங்குல வட்டுகளைப் படிக்க, இன்றைய கணினியோடு இணைக்கும் சிறு கருவிகள் உண்டு. ஐந்தேகால் அங்குல வட்டுகளுக்குப் பழைய இயந்திரம் வைத்திருப்பவரின் உதவி தேவைப்படும். அதில் என்ன இருக்கிறது, யாருடையது, எந்த ஆண்டு என்பதை ஒரு காகிதத்தில் எழுதி உடன் வையுங்கள்.

நண்பரும் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். அக்காள் வாங்கிவந்த கணினி, எஞ்சின் நிற்குமுன் அவசரமாக ஆடிய கடைசி ஆட்டம், தோற்றுப்போய்த் தாம் அழுத நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. முதல் பக்கத்தின் முதல் வரியில் மூன்று எழுத்துகள் உள்ளன.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்கள்.