விடியற்காலைச் செல்ஃப்

தீபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் திருவண்ணாமலையில் பனி இறங்கத் தொடங்கும். மார்கழி பிறந்துவிட்டால் காலை ஏழு மணிவரை மலையின் உச்சி கண்ணுக்குத் தெரியாது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில்தான் என்பார்கள். அது ஒலிபெருக்கியில் கேட்கும் வேளையில் செங்கம் சாலையோரம் இன்னொரு சத்தமும் கேட்கும். செல்ஃப் சுற்றும், என்ஜின் முக்கும், ஒரு வாய் புகை விட்டு அடங்கிவிடும். கொஞ்சம் விட்டு மறுபடி முக்கும். விடிவதற்குள் ஆரணி அரிசி ஆலை வாசலில் நிற்கவேண்டிய நெல் லாரியாக இருந்தால், டிரைவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

எங்கள் வீடு ஒரு லாரிப் பட்டறைக்குப் பின்சந்தில் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன எழுபதுகளில் அங்கே வந்தவை பெரும்பாலும் பழைய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகள். டாடாவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-ல் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் செய்யத் தொடங்கிய லாரிகள். 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய வண்டிகள் மூக்கில் நட்சத்திரத்தோடு வெகுகாலம் எங்கள் ஊரைச் சுற்றின.

அவற்றை எழுப்புவது ஒரு சடங்கு. டீசல் என்ஜினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அமுக்குகிற அமுக்கில் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அந்தப் பழைய பென்ஸ் என்ஜினில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் போய்த்தான் பற்றும். குளிர்ந்து கிடக்கும் அறைச் சுவர் அந்தச் சூட்டைக் குடித்துவிடும் என்பதால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். டிரைவர் குமிழை இழுத்துப் பிடித்தால் டாஷ்போர்டில் ஒரு சின்னத் துளைக்குள் கம்பிச்சுருள் மெல்லச் சிவக்கும். அது நன்றாகப் பழுத்த பிறகுதான் செல்ஃப்.

ஆறு பிளக்கும் அந்தச் சுருளும் ஒரே கரண்ட் வரிசையில் கோத்தவை. ஒன்று கருகினால் அத்தனையும் இருட்டு. போனது எது என்று பட்டறை மேஸ்திரி கண்டுபிடிக்கும் விதத்தைப் பார்க்க நான் பல் விளக்காமல் ஓடியிருக்கிறேன். ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒவ்வொரு பிளக்கையும் தாண்டிப் பாலம் போடுவார். கிளீனர் பையன் உள்ளே உட்கார்ந்து சுருளையே பார்த்துக்கொண்டிருப்பான். "செவக்குது அண்ணே!" என்று அவன் கத்தினால் அப்போது பாலம் போட்ட பிளக்தான் போன பிளக்.

அவசரக்காரர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். டீசலில் நனைத்த துணியைக் கொளுத்தி, என்ஜின் காற்றை இழுக்கும் வாயில் காட்டுவது. ஒன்றும் முடியாவிட்டால் பத்துப் பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவது. மறுநாளும் இந்தப் பாடு வேண்டாம் என்று சாயங்காலமே சரிவு பார்த்து வண்டியை நிறுத்துவது.

குளிரைத்தான் எல்லோரும் திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று தனியாக ஒரு குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 33 டிகிரியிலும் ஓடக்கூடியது. உண்மையான குளிர் அது. நம் ஊரில் மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதில் டீசல் உறையாது. என்ஜின் ஆயில் கொஞ்சம் கெட்டிப்படும், பேட்டரி கொஞ்சம் சோரும், அவ்வளவுதான். நல்ல என்ஜின் அதைச் சட்டையே செய்யாது. ரிங் தேய்ந்தது, டீசல் பைப்பில் காற்று நுழைவது, பேட்டரி செத்துக்கொண்டிருப்பது எல்லாம் வெயில் காலத்தில் மறைந்து கிடந்து மார்கழியில் வெளியே வருகின்றன.

அதனால்தான் மேஸ்திரி முதலில் ஸ்பானரைத் தொடமாட்டார். செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு வண்டியின் பின்னால் போய் நிற்பார். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, பற்றவில்லை. ஹீட்டர் பிளக்கையும் கம்ப்ரஷனையும் பார்க்கவேண்டும். புகையே இல்லாவிட்டால் டீசல் போய்ச் சேரவே இல்லை. ஒரு பார்வையில் பாதி வேலை முடிந்துவிடும்.

நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பிஎஸ் 4, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கட்டாயமாயின. புது லாரிகளில் பழைய பம்ப் இல்லை, காமன் ரெயில். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் பேரழுத்தத்தில் காத்திருக்கும், எப்போது எவ்வளவு பீய்ச்சுவது என்பதை ஒரு கம்ப்யூட்டர் சொல்லும். ஸ்டார்ட் ஆகவே ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். பேட்டரி இளைத்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலோ, ஒரே ஓர் இன்ஜெக்டர் டீசலைத் திரும்பிப்போகும் பைப்பில் ஒழுகவிட்டாலோ அந்த அழுத்தம் ஏறாது. ஏறாவிட்டால் கம்ப்யூட்டர் ஒரு சொட்டுக்கூட விடாது, புகையும் வராது.

அதே பட்டறையை இன்று மேஸ்திரியின் பேரன் நடத்துகிறான். ஸ்கேனரைச் செருகி, செல்ஃப் அடிக்கும்போது அழுத்தம் எத்தனை பார் ஏறுகிறது என்று பார்க்கிறான். ஏறவில்லை என்றால் இன்ஜெக்டர்களின் ரிட்டன் பைப்பைக் கழற்றி ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன பாட்டில் வைக்கிறான். எது சீக்கிரம் நிறைகிறதோ அதுதான் கெட்டது. தாத்தா ஒயரால் பாலம் போட்டதும் இதுவும் ஒரே புத்தி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் வருத்தம் பழைய வண்டிகளைப் பற்றியது. தண்ணீர் டேங்கர், செங்கல் லாரி என்று எவ்வளவோ இன்னும் ஓடுகின்றன. ஸ்கேனர் செருக அவற்றில் இடமில்லை. புகையைப் பார்க்கும் ஆட்களும் அருகிவிட்டார்கள். காலையில் எடுக்கவில்லை என்றால் உடனே பேட்டரியை மாற்று என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கடையில் புதிதாக இரண்டு பேட்டரி வாங்கி மாட்டினார். வண்டி பழையபடியே முக்கியது. செல்ஃப் அடித்த கையோடு எர்த் கேபிளின் முனையைத் தொட்டுப் பார்த்தோம், கை சுட்டது. பச்சை பூத்த முனை கரண்டையெல்லாம் அங்கேயே தின்றுகொண்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கியதும் வண்டி எடுத்தது. இதைவிடக் கொடுமை, காற்று வாயில் அடிக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே. ஹீட்டர் சூடாக இருக்கும்போது அதை அடித்தால் உள்ளே வெடித்து என்ஜினையே உடைத்துவிடும். யாராவது அந்த டப்பாவை எடுத்தால் தயவுசெய்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் ஒரு பழைய டேங்கர் வந்தது. காலையில் மட்டும் மக்கர். ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். பேரன் பேட்டரியைப் பார்த்தான், 12.6 வோல்ட். செல்ஃப் நன்றாகச் சுற்றியது. திண்ணையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த தாத்தா கேட்டார்:

"பொக வருதாடா?"

"இல்ல தாத்தா."

"அப்ப ராத்திரில டீசல் டேங்குக்கே திரும்பிடுது. கண்ணாடி டியூப்ப மாட்டிப் பாரு."

டேங்கிலிருந்து வரும் பைப்பின் நடுவே ஒரு முழம் கண்ணாடி டியூப்பை மாட்டி, செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு ஹேண்ட் பம்பை அடித்தான். டீசலோடு கடுகு கடுகாகக் குமிழிகள் ஓடின. ஃபில்டருக்கு முன்னால் இருந்த இணைப்பைக் கழற்றினான். செம்பு வாஷர் பலமுறை நசுங்கி, ஒரு பக்கம் கீறியிருந்தது. புதிது கைவசம் இல்லை. தாத்தா எழுந்து வந்து அதை இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்பில் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் போட்டார். செம்பு இளகிவிட்டது. உப்புத்தாளில் இரண்டு தேய், முறுக்கு. மறுபடி ஹேண்ட் பம்ப். குமிழி குறைந்து, அற்று, டியூப்பில் டீசல் அசையாமல் நின்றது.

"இப்ப செல்ஃப் அடி."

மூன்றாவது சுற்றில் எடுத்தது. வெள்ளையாக ஒரு மூட்டை புகை விட்டு, தெளிந்து, சீரான சத்தத்துக்கு வந்தது. டேங்கர் பைபாஸ் பக்கம் திரும்பியபோது மலை மேல் பனி இன்னும் கலையவில்லை.