வயசாயிடுச்சு, அப்படித்தான்

முதியவருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலித்தே தீரும் என்பதில்லை. அமெரிக்காவில் மாரடைப்பு உறுதியான நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசி 2000-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் மூன்றில் ஒருவர் நெஞ்சுவலியே இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். வலியோடு வந்தவர்களின் சராசரி வயது 67. வலியில்லாமல் வந்தவர்களுக்கு 74. வலியில்லாதவர்கள் தாமதமாக வந்தார்கள். அவர்களில் 23 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். வலியோடு வந்தவர்களில் இது 9 சதவீதம்தான்.

நிமோனியாவும் இப்படி ஏமாற்றும். காய்ச்சல் இருக்காது, இருமலும் பெரிதாக இருக்காது. பாட்டி சோற்றை ஒதுக்குவார். என்றோ செத்துப்போன அண்ணன் வாசலில் நிற்பதாகச் சொல்வார். ஊரில் இதை ஜன்னி என்பார்கள், கேஷுவால்டியில் டெலிரியம் என்பார்கள்.

நோய் நெஞ்சில் இருக்க, பேச்சு ஏன் குழறுகிறது? கவனத்தைக் கட்டிக்காக்கும் மூளைச் சுற்றுகளுக்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். வயதாக ஆக இதன் கையிருப்பு குறைகிறது. உடலில் எங்கோ தொற்று வந்து அழற்சி கிளம்பினால், கையிருப்பு குறைந்த இடம்தான் முதலில் தடுமாறும். தொற்று மட்டுமல்ல, சளிக்கு வாங்கிப் போட்ட மாத்திரை, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எதுவும் இதைச் செய்யலாம். வயதானால் தாகமும் மங்கிவிடும். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில், சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு, உடலில் நீர் வற்றுவதோ, ரத்தத்தில் சோடியம் இறங்குவதோ போதும்.

டெலிரியத்தைக் கட்டிலருகிலேயே கண்டுபிடிக்க அமெரிக்க மருத்துவர் ஷேரன் இனோய் 1990-இல் ஒரு முறை வகுத்தார். குழப்பம் திடீரென்று வந்து, ஏறி இறங்குகிறதா? கவனம் நிற்கவில்லையா? இவ்விரண்டோடு பேச்சு கோர்வையற்றுப் போனாலோ, விழிப்புநிலை மாறியிருந்தாலோ அது டெலிரியம். கவனத்தைச் சோதிக்கக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னாலே போதும். கூச்சலிடும் முதியவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் சுருண்டு கிடப்பவர்தான் பெரும்பாலும் தவறவிடப்படுகிறார்.

ஆனால் ‘திடீரென்று’ வந்ததா என்பதை நோயாளியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. நேற்று அவர் எப்படி இருந்தார் என்று வீட்டார்தான் சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம்? விடையின் ஒரு பகுதி, வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் ஓர் ஆய்வுக் குழு நடத்திய கணக்கெடுப்பில் இருக்கிறது.

மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியது அல்ல என்பதால் தன் பெயரையே 10/66 என்று வைத்துக்கொண்ட பன்னாட்டுக் குழு அது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப்பும் சக ஆய்வாளர்களும் அதற்காகக் கணியம்பாடியில் 65 வயது தாண்டிய ஆயிரம் பேரைச் சந்தித்தார்கள். பள்ளிக்கூடமே பார்க்காதவருக்கும் பொருந்துமாறு கேள்விகள் அமைந்தன. முதியவரிடமும் கேட்டார்கள், அவரை நன்கறிந்த ஒருவரிடமும் கேட்டார்கள்.

2008-இல் லான்செட் இதழில் பன்னாட்டு முடிவுகள் வந்தன. வழக்கமான அமெரிக்க அளவுகோலின்படி இந்தியக் கிராமத்தில் மறதிநோய் வெறும் 0.3 சதவீதம், கியூபாவில் 6.3. 10/66 முறையிலோ இங்கேயும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருந்தது. அமெரிக்க அளவுகோல், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதாக வீட்டார் சொல்வதை எதிர்பார்க்கிறது. சமையலை மருமகளும் கணக்கு வழக்கை மகனும் ஏற்றுக்கொண்ட வீட்டில் பாதிப்பு எளிதில் தெரியாது. தெரிந்தாலும் “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த அளவுகோல் சரி என்ற விவாதம் தனி. வீட்டார் சொல்வதைப் பொறுத்து நோயின் அளவே மாறிவிடும் என்பது மட்டும் அதில் தெளிவாயிற்று. மாதக்கணக்கில் ஊர்ந்து வரும் மறதியை ‘வயசாயிடுச்சு’ என்ற சமாதானம் மூடும். மணிக்கணக்கில் வரும் டெலிரியத்தையும் மூடிவிடும். பின்னதில் உயிரே போகலாம்.

தடுக்கவும் வழி உண்டு. இனோயின் குழு அமெரிக்காவின் நியூஹேவனில் 70 வயது தாண்டிய 852 உள்நோயாளிகளிடம் எளிய காரியங்களைச் சோதித்தது: தண்ணீர் கொடுத்தல், நடக்கவைத்தல், கண்ணாடியும் காது மிஷினும் மாட்டிவிடுதல், இரவில் தூங்கவிடுதல், நாளும் இடமும் சொல்லிப் பேசிக்கொண்டிருத்தல். வழக்கமான வார்டில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இவற்றைச் செய்த வார்டில் 9.9 சதவீதமாகக் குறைந்தது. முடிவு 1999-இல் வெளியானது. அங்கே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் செய்த வேலைகள் பலவற்றை, நம் வார்டுகளில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கும் மகளோ பேரனோ செய்ய முடியும். செய்யச் சொல்ல ஆள் வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் 1978-இல் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்துவரும் முதியோர் மருத்துவத்தின் வேலைகளில் அதுவும் ஒன்று.

அடுத்த முறை தாத்தாவை அவசரமாகத் தூக்கிப் போக நேர்ந்தால், “வயசானவர், கொஞ்சம் குழப்பமா இருக்கார்” என்று சொல்லாதீர்கள். “முந்தாநாள் வரை தானே ரேஷன் கடைக்குப் போய்வந்தவர், நேற்று சாயங்காலத்திலிருந்து என்னையே தெரியலை” என்று சொல்லுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மூக்குக்கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.