மீண்டும் வரும் வினா: இணையத் தொழில்நுட்பக் குழுக்களின் வினாவிடை மரபு – ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கணினித் தொழில்நுட்பம் குறித்து இணையவழி உதவும் தன்னார்வக் குழுக்களில் ஒரே வினா வெவ்வேறு நபர்களால் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுவது தொடக்கக் காலம் முதலே இருந்துவரும் சிக்கலாகும். யூஸ்நெட் காலத்து வினாவிடைத் தொகுப்புகள் முதல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் ‘நகல் வினா’ நடைமுறை வரை இச்சிக்கல் கையாளப்பட்ட முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. நன்னூல் கூறும் வினா, விடை வகைகள் இவ்விளக்கத்திற்குக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன. மீள்வினாவைக் கேட்பவரின் சோம்பலாக மட்டும் காண்பது பொருந்தாது. அதன் சுமை எங்கே பிறந்து யார்மீது விழுகிறது என்பதே ஆராயத்தக்கது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மீள்வினா, வினாவிடைத் தொகுப்பு, யூஸ்நெட், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, வாடிக்கையாளர் உதவி, நன்னூல், தமிழ்க் கணிமை

முன்னுரை

வகுப்பறையில் ஒரு மாணவர் கேட்ட ஐயத்தை அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் கேட்டால் ஆசிரியர் சினம் கொள்வதில்லை. அது அவருடைய பணி. அதற்கு ஊதியமும் உண்டு. ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில், முகமறியாதவர்களின் ஐயங்களுக்கு விடை எழுதும் ஒருவரிடம் அதே வினா நூறாவது முறையாக வரும்போது நிலைமை வேறாகிறது. இணையத் தொழில்நுட்பக் குழுக்களில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிகழ்ந்துவரும் பூசலின் வேர் இவ்வேறுபாட்டில் இருக்கிறது.

வினாவும் விடையும்: நன்னூல் வகைப்பாடு

நன்னூலார் சொல்லதிகாரப் பொதுவியலில் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகவும், விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகவும் பகுத்துள்ளார். விடைகளுள் முதல் மூன்றும் வெளிப்படை. ஏனைய ஐந்தும் குறிப்பால் விடை தருவன.

தொழில்நுட்பக் குழுவில் புதியவர் எழுப்புவது பெரும்பாலும் அறியாவினா. சில வேளைகளில், ‘பிழை என் நிரலிலா, கருவியிலா?’ என்னும் ஐயவினா. அவருக்குக் கிடைக்கும் விடைகளை நோக்கினால் மூன்று வகைகள் மேலோங்கி நிற்கின்றன. ‘இதற்கு முன்பே விடையுண்டு, இங்கே காண்க’ என்பது சுட்டு. ‘கையேட்டைப் படியுங்கள்’ என்பது ஏவல். ‘இதுவரை நீங்கள் முயன்றது என்ன?’ என்பது வினாவெதிர் வினாதல். சொல்பவர் இவற்றை உதவி என்றே கருதுகிறார். ஆனால் பின்னிரண்டும் குறிப்பு விடைகள். குறிப்பை உணர்வதற்குத் துறையறிவு வேண்டும். அது இல்லாமையாலேயே அவர் வினவ வந்தார். எனவே ஏவல் அவர் காதில் வசையாக ஒலிக்கிறது. இக்குழுக்கள் கடுமையானவை என்று பெற்ற பெயருக்கு விடையளிப்போரின் குணத்தைவிட விடையின் வகை பெரிய காரணம் எனலாம்.

தொகுப்பின் தோற்றம்

டியூக் பல்கலைக்கழகத்தின் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979இல் வகுத்து, 1980இல் செயல்பாட்டுக்கு வந்த யூஸ்நெட், பொருள்வாரியான குழுக்களாக வளர்ந்தது. மடல்கள் சில நாட்கள் அல்லது வாரங்கள் மட்டுமே ஒவ்வொரு கணினியிலும் வைக்கப்பட்டு, பின் அழிக்கப்பட்டன. வட்டுகளில் இடம் அரிதாக இருந்த காலம் அது. ஆகவே முந்தைய விடை கண்முன் இராது. புதிதாக வந்தவர் பழைய வினாவைக் கேட்டது அவர் குற்றமன்று, அமைப்பின் இயல்பு.

இதற்குத் தீர்வாக எழுந்ததே ‘அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்’ என்னும் தொகுப்பு. இதன் தொடக்கத்தை 1980களின் முற்பகுதியில் விண்வெளி குறித்த மின்னஞ்சல் குழுவொன்றில் நாசாவின் யூஜின் மியா மேற்கொண்ட முயற்சியோடு இணைத்துக் கூறுவர். தொகுப்பை ஒருமுறை எழுதி வைத்தால் போதாது. குறித்த கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் அனுப்பவேண்டும். மீள்வினாவைத் தடுக்க மீள்விடை! பின்னர் இத்தொகுப்புகளுக்கென்றே தனிக்குழு ஒன்று யூஸ்நெட்டில் அமைந்தது, எம்.ஐ.டி.யின் கணினியொன்று அவற்றைத் தொகுத்துக் காத்தது.

இவற்றுள் சி மொழிக் குழுவிற்காக ஸ்டீவ் சம்மிட் உருவாக்கிய தொகுப்பு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1990இல் தொடங்கிய அது 1995இல் அச்சு நூலாகவும் வெளிவந்தது. அணிக்கும் சுட்டிக்கும் உள்ள உறவு, வெற்றுச் சுட்டியின் இயல்பு, ஒரே தொடருக்குள் ஒரு மாறியின் மதிப்பை இருமுறை மாற்றினால் விளைவதென்ன என்பன போன்று பாடநூல்கள் விரைந்து கடந்துசென்ற இடங்களில் அத்தொகுப்பு நின்று விளக்கியது. கற்பவர் எங்கே தடுமாறுகிறார் என்பதைக் கற்பவரே வினாக்களாகச் சொல்லிவிட்டதால், தொகுப்பாளர் ஊகிக்கவேண்டிய தேவை எழவில்லை. இவ்வகையில் மீள்வினா ஒரு தரவு. நம் இலக்கண வகுப்புகளில் ஆண்டுதோறும் திரும்பிவரும் ஐயங்களை எவரேனும் இவ்வாறு பதிந்து வைத்திருந்தால் நல்ல பாடநூல் ஒன்று கிடைத்திருக்கும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. தொகுப்பில் இடம்பெறும் வினாவை எழுதுபவர் விடையறிந்தவர். வடிவில் அது அறியாவினாப் போலத் தோன்றினும் இயல்பில் அறிவினா. ‘வெற்றுச் சுட்டி என்றால் என்ன?’ என்று அவர் எழுதுகிறார். வெற்றுச் சுட்டி என்னும் சொல்லையே கேட்டிராதவர் ‘என் நிரல் திடீரென்று நின்றுவிடுகிறது’ என்றே எழுதுவார். இரண்டும் ஒரே வினா என்பது விடையறிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

முடிவுறாத செப்டம்பர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு தொடங்கும் செப்டம்பரில் புதிய மாணவர்கள் யூஸ்நெட்டிற்குள் நுழைவர், மீள்வினாக்கள் பெருகும், சில வாரங்களில் அவர்கள் வழக்கம் அறிந்துகொள்ள அமைதி திரும்பும். 1993 முதல் வணிக இணையச் சேவை நிறுவனங்கள் பொதுமக்களுக்கு வழி திறந்தபின் அந்தப் பெருக்கு ஓயவில்லை. பழைய உறுப்பினர்கள் அதனை ‘முடிவுறாத செப்டம்பர்’ எனக் குறித்தனர். 1995 அக்டோபரில் வெளியான இணைய ஒழுக்க வழிகாட்டி ஆவணம், எதையும் எழுதுமுன் ஒன்று அல்லது இரண்டு மாதங்கள் குழுவின் மடல்களைப் படிக்குமாறு அறிவுறுத்தியது. நாளை காலைக்குள் பிழை தீர்க்கவேண்டியவருக்கு அந்த அறிவுரை என்ன பயன் தரும்?

உதவுவோர் ஏன் உதவுகின்றனர் என்பதைக் கரீம் லக்கானி, எரிக் வான் ஹிப்பல் இருவரும் அப்பாச்சி வழங்கி மென்பொருளின் யூஸ்நெட் உதவிக் குழுவைக் கொண்டு ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். உதவுவோர் செலவிடும் உழைப்பில் மிகப் பெரும்பகுதி பிறர் மடல்களைப் படித்துத் தாம் கற்பதிலேயே செல்கிறது. விடை எழுதுவது அதன் சிறுபகுதி என்பது அவர்கள் கண்டது. இதிலிருந்து நாம் ஒன்றை வருவிக்கலாம். தன்னார்வலரின் ஊதியம் புதிய அறிவு எனில், மீள்வினா அந்த ஊதியத்தைத் தருவதில்லை. அவர் சலிப்பது உதவ மனமின்மையால் அன்று.

நகல் வினா என்னும் வழிகாட்டிப் பலகை

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகியோர் 2008 செப்டம்பரில் திறந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, மடல்கள் மறையும் குறையை நீக்கியது. எல்லா வினாவும் விடையும் நிலையாக இருக்கும், தேடுபொறியில் கிடைக்கும். ஆயினும் மீள்வினா ஓயவில்லை. தளம் இதற்கு ‘நகல்’ எனக் குறித்து வினாவை மூடும் முறையை வகுத்தது. குறிப்பிட்ட அளவு நன்மதிப்புப் புள்ளி பெற்றோர் வாக்களித்து மூடுவர். முதலில் ஐந்து வாக்குகள் தேவைப்பட்டன, 2019இல் அது மூன்றாகக் குறைந்தது. ஒரு துறையில் தங்கப் பதக்கம் பெற்றவர் தனியொருவராகவே நகல் என முடிவுசெய்யும் உரிமை 2014இல் வந்தது.

நகல் என்பதன் வரையறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 0.1, 0.2 ஆகியவற்றைக் கூட்டினால் பல நிரல்மொழிகளில் 0.30000000000000004 என வரும். மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் முடிவாக எழுத இயலாதது போல, பத்தில் ஒரு பங்கை இரும முறையில் முடிவாக எழுத இயலாது என்பதே காரணம். ஒருவர் ‘என் பட்டியலின் மொத்தத் தொகை ஏன் தவறாக இருக்கிறது?’ என்பார். மற்றொருவர் ‘என் சுழற்சி ஏன் நிற்கவில்லை?’ என்பார். வேறொருவர் ‘சமம் என்னும் சோதனை ஏன் பொய்யாகிறது?’ என்பார். மூன்றும் ஒரே மூல வினாவின் நகல்களாக இணைக்கப்படும். வினாக்கள் ஒன்றல்ல, விடைதான் ஒன்று. விடையை வைத்து வினாவை அடையாளம் காண்பது விடையறியாதவரால் இயலாத செயல்.

நகலாக மூடப்பட்ட வினா அழிக்கப்படுவதில்லை. வேறு சொற்களால் தேடுபவரை மூல விடைக்கு அழைத்துச்செல்லும் வழிகாட்டிப் பலகையாக நிற்கிறது. அட்வுட் 2010இல் இக்கருத்தை வலியுறுத்தி, ஓரளவு நகல்கள் நன்மையே என்று எழுதினார். ஆனால் வினவியவரின் திரையில் தோன்றுவது ‘மூடப்பட்டது’ என்னும் சொல். தளத்திற்கு அவர் நன்மை செய்திருக்கிறார். அவருக்குக் கிடைப்பதோ தண்டனை போன்ற தோற்றம். 2018 ஏப்ரலில் தளத்தின் நிர்வாகமே, தம் தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நன்னூல்ப் பாயிரமோ, ஒரு நூலை இருமுறை கேட்பவன் பிழையின்றிக் கற்பான், மும்முறை கேட்பவன் பிறர்க்கு உரைக்கவும் வல்லனாவான் என்னும் கருத்தினது. அங்கே மீளக் கேட்பவர் ஒருவரே, இங்கே வேறு வேறு நபர்கள் என்னும் வேறுபாட்டையும் மறத்தலாகாது.

யாருடைய வாடிக்கையாளர்?

எரிக் ரேமண்ட், ரிக் மோயன் இருவரும் 2001இல் வெளியிட்ட, வினாக்களைத் திறம்படக் கேட்பது குறித்த வழிகாட்டி பரவலாக அறியப்பட்டது. பல மென்பொருள் திட்டங்கள் தம் உதவிப் பக்கத்தில் அதனை இணைத்தன. விளைவு நகைப்பிற்குரியது: அவ்விணைப்பைப் பின்பற்றி வந்தவர்கள், அத்திட்டங்களின் சிக்கல்களை இவ்விருவரிடமே கேட்கத் தொடங்கினர். ‘நாங்கள் உங்கள் திட்டத்தின் உதவி மையம் அல்லர்’ என்னும் அறிவிப்பை இணைப்பின் அருகே இடுமாறு ஆவணத்தின் முகப்பிலேயே அவர்கள் வேண்ட நேர்ந்தது.

நிறுவனங்களின் செயல் இதைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கது. 2011இல் ஃபேஸ்புக் தன் நிரலாளர்களுக்கான கலந்துரையாடல் மன்றத்தை மூடி, அவர்களை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிற்கு வழிப்படுத்தியது. வேறு பல நிறுவனங்களும் தம் உதவிப் பக்கங்களில் அத்தளத்தைச் சுட்டின. நிரல் பற்றிய ஐயங்களுக்கு இது பொருந்தும். திறமையானோர் அங்கே உள்ளனர். ‘என் கணக்கு ஏன் முடக்கப்பட்டது?’, ‘என் செயலி ஏன் ஏற்கப்படவில்லை?’ என்பவற்றிற்கோ நிறுவனத்தின் ஊழியரன்றி எவரும் விடை கூற இயலாது. அவ்வகை வினாக்களைத் தளம் தன் எல்லைக்குப் புறம்பானவை என மூடிவிடுகிறது. நிறுவனம் வெளியே அனுப்ப, தளம் உள்ளே விட மறுக்க, இடையில் நிற்பவர் பணம் செலுத்திய வாடிக்கையாளர். நிறுவனத்தின் செலவு குறைந்தது. குறைந்த செலவைத் தன்னார்வலரின் நேரமும் வாடிக்கையாளரின் அலைச்சலும் ஈடுசெய்தன. இச்சூழலில் மீள்வினா கேட்பவரைக் கடிந்துகொள்வது அம்பை விட்டு எய்தவனை மறப்பதாகும்.

கருவியே எழுப்பும் வினா

விம் என்னும் உரைத்தொகுப்பியிலிருந்து வெளியேறுவது எப்படி என்னும் வினாவின் பக்கம் 2017இல் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்க்கப்பட்டதாக ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அறிவித்தது. பத்து லட்சம் பேரும் சோம்பேறிகள் என்பது நம்பத்தக்கதன்று. பிற மென்பொருள்கள் கேளாமலே விம்மைத் திறந்துவிடுவதால், அதனைத் தேர்ந்தெடுக்காதவர்களும் அதற்குள் சிக்கிக்கொள்கின்றனர். ஜாவா மொழியின் வெற்றுச் சுட்டிப் பிழையும் இத்தகையதே. நிரல் எந்த வரியில் நின்றது என்பதை மட்டும் அப்பிழைச்செய்தி கூறும். அவ்வரியில் எது வெற்றாக இருந்தது எனக் கூறாது. 2020 மார்ச்சில் வெளியான ஜாவா 14ஆம் பதிப்பில்தான் அதனையும் கூறும் வசதி சேர்ந்தது. 15ஆம் பதிப்பில் அது இயல்பாகவே இயங்கலாயிற்று. வினாவிடைப் பக்கங்கள் பல்லாண்டுகளாகச் சுமந்த விடையின் ஒரு பகுதி கருவிக்குள்ளேயே சென்று சேர்ந்தது.

தமிழ்க் கணிமை வரலாறு இதற்குத் தக்க சான்று. 1990களில் எழுத்துரு உருவாக்குநர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியேற்றத்தைக் கையாண்டனர். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. ‘தமிழ் ஏன் தெரியவில்லை?’ என்பதே அக்காலத் தமிழ் இணையக் குழுக்களின் தலையாய மீள்வினா. தன்னார்வலர் இணையவழிக் கலந்துரையாடி உருவாக்கிய திஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த தாம், தாப் குறியேற்றங்கள் ஆகியன அவ்வினாவைக் குறைக்க முயன்றன. யூனிகோடு முறைத் தமிழ் இயங்குதளத்திற்குள்ளேயே இடம்பெற்ற பின்னர்தான் அது மெல்ல ஓய்ந்தது. எத்தனை விளக்கக் குறிப்புகள் எழுதியும் தீராதது, கருவி திருந்தியதும் தீர்ந்தது. தீராத எச்சமும் உண்டு: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆய்வேட்டை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி என்று ஆய்வு மாணவர்கள் இன்றும் வினவுகின்றனர். அச்சகமும் பல்கலைக்கழகமும் வெவ்வேறு முறைகளைக் கேட்கும்வரை அவ்வினா வந்துகொண்டே இருக்கும்.

மொழி மாறினால் நகலாகுமா?

தொடக்கத்தில் ஆங்கிலம் மட்டுமே ஏற்ற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2014 முதல் போர்த்துகீசியம், ஜப்பானியம், ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய மொழிகளுக்குத் தனித்தளங்களைத் திறந்தது. ஆங்கிலத்தில் விடையுள்ள வினாவைப் போர்த்துகீசியத்தில் கேட்டால் அது நகலாகாது என்பதை இச்செயல் ஏற்றுக்கொண்டது. தமிழுக்கு அத்தகைய தளம் இல்லை. தமிழில் கேட்கப்படும் தொழில்நுட்ப வினாக்கள் முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில் சிதறிக் கிடக்கின்றன. வாட்ஸ்அப் உரையாடல் வெளியாருக்குத் தேடலில் கிடைக்காது. முந்தைய விடை கண்முன் இராத யூஸ்நெட்டின் பழைய நிலை இங்கே வேறு வடிவில் திரும்பியுள்ளது.

தேடக்கூடிய தொகுப்பு ஒன்றை உருவாக்கினாலும் தமிழுக்கே உரிய ஒரு தடை எஞ்சும். ஒருவர் ‘எழுத்துரு’ என்பார். வேறொருவர் ‘ஃபான்ட்’ என்பார். ‘பாண்ட்’, ‘பான்ட்’ என எழுதுவோரும் உளர். ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டச்சிடுவோர் இவர்களினும் பலர். கலைச்சொல் அகராதிகள் ஏற்புடைய சொல்லை மட்டும் தந்து, வழங்கும் வடிவங்களை விலக்கிவிடுகின்றன. நகல் வினா வழிகாட்டிப் பலகையாகப் பயன்பட வேண்டுமெனில், விலக்கப்பட்ட அவ்வடிவங்களே முதலில் தொகுக்கப்பட வேண்டும். மொழித்துறையும் கணினித்துறையும் சேர்ந்து செய்யத்தக்க இப்பணிக்கான தரவு, தமிழர்கள் அன்றாடம் கேட்டுக்கொண்டிருக்கும் மீள்வினாக்களிலேயே இருக்கிறது.